நீலம் நடந்த தூரம்

ஒரு படத்தை வாங்கி வருவதற்காக விமானம் ஏறியவன் தஞ்சாவூரில் எங்கள் தெருவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மருந்துக் கடைக்காரனுக்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். என் கடையில் தொங்கும் ஒரே படம் இருமல் மருந்துக் கம்பெனி கொடுத்த காலண்டர்.

படத்தைக் கேட்டவன் சவரிமுத்து. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். அவன் ட்ரம்பெட் வாசிப்பவன். மாதா கோயில் தேரோட்டம், கல்யாண ஊர்வலம், சாவு ஊர்வலம் எதுவானாலும் ஜரிகை வைத்த சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் ஊதிக்கொண்டு போவான். நடுவில் சில வருஷங்கள் மலாய் நாட்டு ஜொகூர் பாருவில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் வாசிக்கப் போனான். அங்கேதான் ஜாஸ் அவனைப் பிடித்துக்கொண்டது. "இங்க வாசிக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுடா. அது எனக்கே தெரியாத பாட்டு" என்று திரும்பி வந்ததும் சொன்னான். எழுதி வைத்ததை வாசிப்பதில்லையாம். மெட்டு கொஞ்சம் இருக்கும், மீதி அந்தந்த நேரத்தில் தோன்றுவது. ஒருநாள் வந்தது மறுநாள் வராது. தஞ்சாவூரில் அதைக் கேட்க ஆள் இல்லை, மறுபடியும் சிவப்புச் சட்டைதான்.

போன வருஷம் அவனுக்கு முகவாதம் வந்து இடப்பக்கத்தை இழுத்துவிட்டது. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும் என்று மாத்திரையை எடுத்துக் கொடுத்தவனே நான்தான். அவனுக்குச் சரியாகவில்லை. உதடு ஒரு பக்கம் மூடாமல் நின்றுவிட்டது. ட்ரம்பெட்டை எதில் வைத்து ஊதுவான்? பெட்டியோடு பீரோ மேல் ஏற்றிவிட்டான். வெளியே வருவதில்லை. வீட்டுக்குள்ளேயே தோள் துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பேச்சில் ப, ம எல்லாம் நழுவும் என்பதால் பேசுவதையும் விட்டுவிட்டான்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் துண்டுக்குள்ளிருந்து கேட்டான். "பாலு, நான் நல்லா வாசிச்சேனா?"

எப்போது என்று கேட்டேன். ஜொகூர் பாருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். ஹோட்டல் குழு ஒரு காப்பிக் கடையின் பின்கட்டில் ஒத்திகை பார்க்குமாம். அன்றைக்கு ஒரு பாட்டு எங்கிருந்தோ வந்தது, அதற்கு முன்னும் பின்னும் அப்படி வாசித்ததில்லை என்று அவனுக்கு ஓர் எண்ணம். யாரும் பதிவு செய்யவில்லை. ஆனால் நாகேந்திரன் என்று ஒருவர் மூலையில் உட்கார்ந்து, அந்த வாசிப்பைக் கேட்டுக்கொண்டே வாட்டர்கலரில் ஒரு படம் போட்டார். "அந்தப் படம் ஒண்ணுதான் சாட்சி. அதப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றான். அவன் மனைவி ஆரோக்கியமேரி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்?

பழைய நம்பர் ஒன்றைத் தேடிப் பிடித்து நாகேந்திரனைக் கூப்பிட்டேன். ஜொகூர் பாருவிலிருந்து ரயிலில் போக வேண்டிய குளுவாங்கில் இருந்தார். படத்தைப் பற்றிச் சொன்னேன், முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நேர்ல வாங்கண்ணே, பேசிக்கலாம்" என்றார். தபாலில் அனுப்பலாமே என்றதற்கும் அதே பதில். நானும் நம்பிக் கிளம்பினேன்.

முதல் நாள் ஜொகூர் பாருவில் தங்கினேன். சவரி வாசித்த ஹோட்டலைப் பார்த்துவிடலாம் என்று போனால், கீழ்த்தளம் முழுக்கக் கைப்பேசி உறை விற்கிறார்கள். பின்கட்டில் ஒத்திகை பார்த்த காப்பிக் கடை எது என்று சொல்ல ஆளில்லை. கடற்கரையில் உட்கார்ந்தேன். எதிரே சிங்கப்பூர் மூச்சுவிடும் தூரத்தில் சாம்பல் நிறத்தில் நின்றது. நம் ஊர்க் கடல் வந்து அடித்துவிட்டுப் போகும், இந்தக் கடல் தட்டில் ஊற்றிய ரசம்போல அசையாமல் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு மலாய்க்காரர் தூண்டில் போட்டிருந்தார். அவர் மனைவி ஏதோ கேட்க அவர் ஏதோ சொல்லச் சிரித்தார்கள். கூட இருந்த பையன் எனக்காக ஆங்கிலத்தில் சொன்னான்: "மீன் கிடைத்ததா என்று அம்மா கேட்டாங்க. மீன் யோசிக்கிறது என்று அப்பா சொன்னார்." இவ்வளவு நிதானமாக யோசிக்கும் ஊரில் சவரிக்கு ஜாஸ் பிடித்ததில் ஆச்சரியமில்லை.

மறுநாள் குளுவாங்குக்கு ரயில். ஜன்னலுக்கு வெளியே எண்ணெய்ப்பனை. அது முடிந்தால் இன்னும் கொஞ்சம் எண்ணெய்ப்பனை. ஒரே மரத்தை யாரோ விடாமல் எண்ணிக்கொண்டு போகிறாற்போல இருந்தது. ஏசி குளிர், நேற்றைய தூக்கக் கடன், கண் சொருகிவிட்டது. கனவில் சவரி சிவப்புச் சட்டையோடு பனைகளுக்கு நடுவே ஊதிக்கொண்டு போகிறான், சத்தமே இல்லை. விழித்துப் பார்த்தால் குளுவாங் பின்னால் போய்விட்டது.

அடுத்த ஊரில் இறங்கினேன். நிலையத்தில் ஒரு நாயும் நானும். வெளியே ஒரு லோரி நின்றது, முழுக்கப் பனைக் குலை. ஓட்டுநர் முகத்தைப் பார்த்ததும் தமிழ் என்று தெரிந்தது. அவரும் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். "பசியாறிட்டீங்களாண்ணே?" என்றுதான் முதலில் கேட்டார். காலைச் சாப்பாட்டை இங்கே அப்படிச் சொல்கிறார்கள். எவ்வளவு அழகான சொல், நாம் ஏன் இட்லி ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. ரயிலில் தூங்கிவிட்டேன் என்றதும் அலமாக் என்று தலையில் கை வைத்துக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டார். இலையில் கட்டிய நாசி லெமாக்கில் பாதியையும் கொடுத்தார். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, கண்ணில் தண்ணீர் வரவழைக்கும் சம்பல். எங்கே போகிறேன் என்று கேட்டவரிடம் படம் வாங்க என்றேன். சினிமாப் படமா என்றார். வரைந்த படம் என்றேன். அதற்குப் பிறகு குளுவாங் வரை என்னைக் கொஞ்சம் கவலையோடுதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

நாகேந்திரன் வீடு ஒரு தாமானில், அதாவது ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்பில். அவர் வீட்டை மட்டும் அடையாளம் தெரிந்தது, கார் நிற்க வேண்டிய இடத்தில் மேசை, தண்ணீர் வாளி, பலகைகள். என்னைவிடச் சில வயது இளையவர், ஒல்லி. செனாயில் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். அவர் மனைவி ரொட்டியும் பருப்புக் குழம்பும் தே தாரிக்கும் கொண்டு வந்தார். நுரை தள்ளும் அந்தத் தேநீரை நான் ஊர்க் காப்பிபோல ஆற்றப் போக, ஏற்கெனவே ஆற்றியதுதான் என்று சிரித்தார்.

சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, படத்தைக் காட்டுங்கள் என்றேன்.

நாகேந்திரன் வாளியைப் பார்த்தார். "படம் என்கிட்ட இல்லண்ணே. ஸ்கூடாய்ல ஒரு பல் டாக்டருக்கு வித்துட்டேன். ரொம்ப வருசமாச்சு."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. கடையைப் பூட்டிவிட்டு, கடல் தாண்டி, லோரி ஏறி வந்திருக்கிறேன். போனில் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். உள்ளே பாத்திரம் கழுவும் ஓசை நின்றது.

"இல்லன்னு சொன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்களே" என்றார் அவர். "சவரியண்ணன் எப்படி இருக்காருன்னு நேர்ல பாத்தவங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சி. அதோட, அவ்ளோ தூரத்துல இருந்து ஒருத்தர் கேக்குறாங்க, எப்படிண்ணே போன்ல இல்லன்னு சொல்றது?"

பிறகு தெரிந்துகொண்டேன், இது அவர் ஒருவருடைய குணம் மட்டுமல்ல. இங்கே நம் ஆட்கள் இல்லை என்பதைப் போனில் சொல்வதில்லை. வாங்க, பேசிக்கலாம் என்பார்கள். வந்தால் வயிறு நிறையப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு இல்லை என்பார்கள். வயிறு நிறைந்தவனால் எவ்வளவு நேரம்தான் கோபமாக இருக்க முடியும்? சவரியைப் பற்றிச் சொன்னேன். துண்டைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து போய்த் தூரிகை ஒன்றை ஏற்கெனவே சுத்தமாக இருந்தும் மறுபடி கழுவினார்.

மழை பிடித்துக்கொண்டது. இங்கே மழை பிற்பகலில் வேலைக்கு வருவதுபோல் வருகிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் தன் வேலை முறையைச் சொன்னார். தாளைப் பலகையில் ஒட்டி முழுக்க நனைப்பார். பாட்டு தொடங்கியதும் தூரிகையை எடுப்பார். நனைந்த தாளில் நிறம் தானாகப் பரவும், அவர் பலகையைச் சாய்த்து வழி காட்டுவதோடு சரி. பாட்டு நின்றதும் தூரிகையைக் கீழே வைத்துவிடுவார். அதற்கு மேல் ஒரு புள்ளி வைக்கமாட்டார். அழகாக இல்லை என்று பிறகு திருத்துவதும் கிடையாது. "வாசிச்சவங்க திரும்ப வந்து திருத்த முடியாதுல்ல. நான் மட்டும் திருத்துனா எப்படி?" என்றார். பாட்டு நின்ற பிறகும் ஈரம் இருக்கும்வரை நிறம் கொஞ்ச தூரம் நடக்குமாம். அதை மட்டும் அவர் தடுப்பதில்லை.

பலகைகளைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். ட்ரம்பெட் இல்லை, ஆள் இல்லை, மேடை இல்லை. நீலம், துருப்பிடித்த சிவப்பு, பழுத்த எலுமிச்சை மஞ்சள், நடுநடுவே வெள்ளை. வெள்ளைக்கு எந்தச் சாயம் என்று கேட்டேன். சாயமே இல்லையாம், அது அவர் தொடாமல் விட்ட தாள். "அவங்க சும்மா இருந்த நேரம்" என்றார். மழைச் சத்தத்தில் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நேரம் போனதே தெரியவில்லை. கோபமும் போய்விட்டிருந்தது.

அடுத்த நாள் அவருடைய பழைய காடியில் ஸ்கூடாய் போனோம். கார்தான், இவர்கள் காடி என்கிறார்கள். பல்கலைக்கழக ஊர், கடைகளும் மாணவர்களுமாகப் பொங்கி வழிந்தது. நெரிசலில் ஒரு சிக்னலில் நின்றிருந்த நேரத்தில் நான் ஒரு மருந்துக் கடையின் பெயர்ப்பலகையைப் படித்து, கதவில் ஒட்டியிருந்த தள்ளுபடிகளை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். மதியத்துக்கு ஜொகூர் லக்சா. மீன் குழம்பு கெட்டியாக, தேங்காய் வாசனையோடு இருந்தது. அதற்குள் இத்தாலிக்காரர்களின் ஸ்பகெட்டி. இது எப்படி இங்கே வந்தது என்றேன். "யாரோ சேத்துப் பாத்தாங்க, நல்லா இருந்துச்சி, விட்டுட்டாங்க. அதான் ஜாஸு" என்றார் நாகேந்திரன். அவர் அதிகம் பேசாதவர், ஆனால் பேசினால் இப்படி ஒன்றைப் போட்டுவிடுவார்.

பல் டாக்டர் பெயர் வள்ளியம்மை. பெயரைக் கேட்டதுமே செட்டிநாடு என்று ஊகித்தேன், சரியாக இருந்தது. நாற்பது வயதிருக்கும், பச்சை உடுப்பு, நெற்றியில் சின்னக் கீற்றாக விபூதி. படம் எங்கே என்று சுவர்களைத் துழாவினேன். "அங்கிள், அது நின்னு பாக்குற படம் இல்ல. சேர்ல படுங்க" என்றார்.

படுத்தேன். நாற்காலி மெதுவாகச் சாய்ந்தது. எதிர்ச்சுவரில், படுத்தவன் கண்ணுக்கு நேராக, அது இருந்தது.

இடது மூலையில் ஆழமான நீலம், அடியில் தண்ணீர் தேங்கியதுபோல. அதிலிருந்து ஓர் ஆரஞ்சுக் கோடு புறப்படுகிறது. நேராகப் போகவில்லை. தயங்குகிறது, கீழே இறங்குகிறது, நீலத்தில் மூழ்கிக் காணாமல் போகிறது. பிறகு நடுவில் பெரிய வெள்ளை, ஒன்றுமே இல்லை. அங்கே வந்ததும் நான் அறியாமல் என் மூச்சு நின்றிருந்தது. அந்த வெள்ளைக்கு அப்பால், யாரும் எதிர்பார்க்காத உயரத்தில், அதே ஆரஞ்சு மெல்லியதாக மறுபடி தொடங்கித் தாளின் மேல் விளிம்புவரை போகிறது. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் கல்யாண ஊர்வலங்களில் நான் நாற்பது வருஷம் கூடவே நடந்தும் கேட்காத ஒரு சவரியை அந்த நாற்காலியில் படுத்துக்கொண்டு கேட்டேன். கண் கலங்கிவிட்டது. டாக்டர் அதைப் பல்வலி என்று எடுத்துக்கொள்ளும் நாகரிகம் உள்ளவர்.

படத்தைக் கேட்டேன். விலை எதுவானாலும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஊசியைப் பார்த்ததும் நடுங்குகிறவர்கள் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கிறார்களாம். படம் இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று ஓர் அம்மா சொல்லியிருக்கிறாராம். "எனக்கு மட்டும் சொந்தம்னா குடுத்துருவேன் அங்கிள்" என்றார். நாகேந்திரன் பக்கம் திரும்பினேன். கொடுத்தது கொடுத்ததுதான் என்பதுபோல அவர் தரையைப் பார்த்தார். இதே மாதிரி இன்னொன்று வரையக் கூடாதா என்றேன். பாட்டு இல்லாமல் தூரிகையைத் தொட்டதே இல்லை, நினைவிலிருந்து வரைந்தால் அது பொய் என்றார்.

போட்டோவாவது எடுத்து அனுப்பலாம் என்று எடுத்தேன். கண்ணாடிச் சட்டத்தில் ட்யூப்லைட்டும் நானும் விழுந்தோம். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அப்படித்தான். சவரிக்கு அனுப்பினேன். நல்லா வாசிச்சிருக்கடா, நான் பாத்துட்டேன் என்று குரலிலும் சொல்லி அனுப்பினேன். பதில் எழுத்தில் வந்தது: "உன் வழுக்கைதான் தெரியுது. மருந்துக் கடைக்காரன் உனக்கு என்ன தெரியும், விடு." அந்த விடு என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டால் சவரி மறுபடி கேட்கமாட்டான், சின்ன வயதிலிருந்தே அப்படி. துண்டுக்குள் போனவன் போனவன்தான்.

டாக்டர் அந்தப் பதிலை நான் படித்துக் காட்டியபோது கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் இழுத்திருக்கிறது, நாக்கு அசைகிறதா, விழுங்குகிறாரா என்று தொழில்முறையில் விசாரித்தார். பிறகு, "உதடுதானே ஒத்துழைக்கல. தொண்டை இருக்குல்ல. பாடச் சொல்லுங்க" என்றார்.

நாகேந்திரன் அப்போதுதான் தரையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

அடுத்த நாள் பிற்பகல் குளுவாங்கில் அந்தக் கார் நிற்கும் இடத்தில் மேசையைப் போட்டோம். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. தஞ்சாவூரில் அப்போது சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும். நான் முதலில் சவரியைக் கூப்பிட்டுச் சம்மதம் வாங்கிவிடலாம் என்றேன். நாகேந்திரன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெரிய தூரிகையை வாளியில் முக்கித் தாளை முழுக்க நனைத்தார். தாள் பளபளத்தது. அதற்குப் பிறகுதான், இப்பக் கூப்பிடுங்க என்றார்.

மேரிதான் எடுத்தாள். போனை அவனிடம் கொடுத்தாள். முகம் தெரியாத அழைப்புதான், இல்லாவிட்டால் அவன் வாங்கியிருக்கமாட்டான். விஷயத்தைச் சொன்னேன். பேச்சே சரியாக வரவில்லை, பாட்டு எங்கே வரப்போகிறது என்று குழறலாகச் சொன்னான். வைத்துவிடப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நாகேந்திரன் போனுக்குக் குனிந்தார். "அண்ணே, நான் நாகேந்திரன். தாள நனைச்சிட்டேன். காயறதுக்குள்ள ஆரம்பிங்க."

எதிர்ப்பக்கத்திலிருந்து ஃபேன் ஓடும் சத்தம், தெருவில் யாரோ கீரை விற்கும் குரல். தாளின் ஓரத்தில் பளபளப்பு மங்கத் தொடங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசிப்பவனுக்குத் தாள் காய்வதன் அர்த்தம் தெரியும்போலிருக்கிறது. தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிறகு அது தொடங்கியது.

வார்த்தை இல்லை. ஆ என்றும் இல்லாமல் ஓ என்றும் இல்லாமல் ஒரு கரகரப்பு. உதட்டின் மூடாத பக்கத்திலிருந்து காற்று ஒழுகும் சத்தமும் கூடவே வந்தது. நாகேந்திரன் அந்த ஒழுகலுக்கும் தூரிகையை வைத்தார், வெறும் தண்ணீரில். நீலம் பரவி வந்து அந்தத் தண்ணீரில் வெளிறியது. குரல் உடைந்தபோது கை நின்றது, வெள்ளை விழுந்தது. மறுபடி எழுந்தபோது ஆரஞ்சு. நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் இடி. சவரி இப்போது கொஞ்சம் வேகம் பிடித்தான், எங்கேயோ போகப் போகிறான் என்று எனக்கே தெரிந்தது, நாகேந்திரன் பலகையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார்.

அப்போது லைன் அறுந்தது.

மழையா, என் போனா, தெரியாது. நாகேந்திரன் அந்த நொடியே தூரிகையைக் கீழே வைத்தார். தாளின் வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருந்தது. நான் பதறிப்போய் மறுபடி அழைத்தேன். மேரி எடுத்தாள். அண்ணே, அப்புறம் பேசுங்க என்று ரகசியக் குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சரி, அவன் மனமுடைந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். நாகேந்திரனிடம் மன்றாடினேன். ஓரத்தில் கொஞ்சம் நீலமாவது தொட்டு முடித்துவிடுங்கள், அவனுக்கு எப்படித் தெரியப் போகிறது?

"அவருக்குத்தாண்ணே தெரியும்" என்றார்.

மேசையைச் சாரல் படாமல் உள்ளே தள்ளினோம். மழை பிடித்து, பெய்து, ஓய்ந்தது. ஈரக் காற்றில் தாள் காயவே இல்லை. கடைசியாக வைத்த நீலம் அந்த வெறுமைக்குள் தானாகப் போய்க்கொண்டிருந்தது, கண்ணுக்குத் தெரியாத மெதுவில். பார்க்கும்போது அசைவதில்லை. வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு நகக்கண் அளவு தள்ளிப் போயிருக்கும். நாகேந்திரனின் மனைவி காப்பியை வைத்துவிட்டு அவரும் நின்று பார்த்தார். என் வாழ்க்கையில் ஒரு பிற்பகல் முழுவதையும் இப்படி ஒன்றும் செய்யாமல் கழித்ததில்லை. கடையை நினைக்கவில்லை. சவரியை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காய்ந்த பிறகு நான் வழக்கம்போலப் பிளாஸ்டிக் உறையைப் போட்டு, சுற்றி ஒட்டுநாடா இழுத்து, கயிறும் கட்டினேன். நம் ஆட்கள் விமானத்தில் கொண்டுபோகும் எதையும் அப்படிக் கட்டாவிட்டால் தூக்கம் வராது. நாகேந்திரன் எல்லாவற்றையும் அறுத்தார். தாளுக்கும் மூச்சு வேண்டும், பிளாஸ்டிக்கில் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும் என்று இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து நூலால் கட்டிக் கொடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். சவரியண்ணன் பாதி போட்டது, அவரிடம் எப்படி வாங்குவது என்றார்.

செனாய் விமான நிலையத்தில் சோதனை செய்த பெண் அட்டையைத் தட்டிப் பார்த்து, பீட்சாவா என்றாள். படம் என்றேன். பக்கத்திலிருந்தவளிடம் மலாயில் ஏதோ சொன்னாள், இருவரும் திறந்து பார்த்தார்கள். சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது இன்னும் முடியவில்லையா?" என்று கேட்டாள். நூலை மறுபடி கட்டிக்கொண்டேன். மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். சாப்பாட்டுத் தட்டை இறக்க முடியாமல் பட்டினி. பசியாறிட்டீங்களா என்று கேட்க விமானத்தில் யாரும் இல்லை.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே சவரி வீட்டுக்குப் போனேன். அவன் வழக்கமான இடத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தான். பாதிப் படத்தைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. நூலை அவிழ்த்து அவன் கையில் கொடுத்துவிட்டேன்.

பெரிய தாள். பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. துண்டு மடியில் விழுந்தது, அவன் அதைக் கவனிக்கவில்லை. அவன் முகத்தை நான் முழுசாகப் பார்த்து எத்தனை மாதம் ஆகிவிட்டது. இடப்பக்கத்திலிருந்து அவன் பார்வை மெதுவாக வந்தது. தலை லேசாக அசைந்தது. வெளிறிய இடங்கள் வந்தபோது கடைவாயில் ஒரு பக்கம் மட்டும் சிரித்தான். "ஒழுகினதக்கூட விடல பாரு" என்றான். பிறகு அந்த நீலத்தின் விளிம்புக்கு வந்து நின்றுவிட்டான்.

"இங்க என்னாச்சு?"

லைன் போய்விட்டது என்றேன். பாட்டு நின்றதும் அவர் தூரிகையை வைத்துவிட்டார் என்றேன்.

"நான் நிறுத்தலயேடா" என்றான் சவரி. "நான் முடிக்கிற வரைக்கும் பாடினேன்."

நான் மேரியைப் பார்த்தேன். அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டிருந்தாள். "லைன் போனது அவருக்குத் தெரியல" என்றாள் என்னிடம். "கண்ண மூடிக்கிட்டு பாடிட்டே இருந்தாரு. நான் சொல்லல. நீங்க திரும்பக் கூப்பிட்டப்ப, எங்க நிறுத்திடுவாரோன்னு அவரு முன்னால கிடந்த போனத் தூக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்."

சவரி அவளை நிமிர்ந்து பார்த்தான். அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் எதற்கு நிற்கிறேன் என்று இருந்தது. பிறகு அவன் படத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, நீலம் தானாக நடந்துபோய் நின்ற இடத்தில் விரலை வைத்தான். அந்தக் கரகரப்பு மறுபடி தொடங்கியது. விரல் வெள்ளைத் தாளின்மேல் மெதுவாகப் போனது, தயங்கியது, இறங்கியது, பிறகு யாரும் எதிர்பார்க்காத ஓரிடத்தில் மேலே ஏறியது. ஸ்கூடாயில் சாய்ந்த நாற்காலியில் படுத்துக்கொண்டு நான் பார்த்த அந்த ஏற்றம் இல்லை. இது வேறு. காற்று ஒழுகிற, பாதி முகத்தால் பாடுகிற ஒருவனால் மட்டும் ஏற முடிகிற ஏற்றம்.

தாளின் விளிம்புக்கு வந்ததும் பாட்டும் முடிந்தது. நல்லா வாசிச்சேனா என்று அவன் கேட்கவில்லை. அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே பேசவில்லை. படத்தைச் சுவரோரம் நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரத்திலிருந்து பார்த்தான்.

"வர்ற ஞாயித்துக்கிழமை அவரு சும்மா இருக்காரான்னு கேளுடா" என்றான். "மீதியப் பாடறேன்."

அவர் ஒருமுறை வைத்த தூரிகையை அந்தப் படத்தில் மறுபடி எடுக்கமாட்டாரே என்று இழுத்தேன்.

"இதுலயா பாடுவாங்க?" என்றான் சவரி. "புதுத் தாள நனைக்கச் சொல்லு."